புழல் பெண்கள் சிறையில் இருக்கும் அக்கா "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறார். வியாசர்பாடியில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

அக்காவை நேரில் பார்க்கப் போடும் அடுத்த மனு வரை காத்திருக்காதீர்கள். இன்றே சிறைக்கு போன் செய்து சொல்லுங்கள். கையோடு எழுத்திலும் கொடுங்கள். கடிதம் சிறைக் கண்காணிப்பாளருக்கு, நகல் சிறை மருத்துவருக்கு. அக்கா சொன்ன வார்த்தைகள், தேதி, முன்பு தற்கொலைக்கு முயன்றதுண்டா, சாப்பிட்டுவந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், எப்போது நின்றது, சமீபத்தில் பிரசவம் ஆனதா, எல்லாம் அதில் இருக்கட்டும். பழைய மருந்துச் சீட்டின் ஜெராக்ஸையும் இணையுங்கள். இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, வக்கீல் மூலம் கோர்ட்டில் சிகிச்சை கேட்டு மனு போடுங்கள். வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம்.

பழைய முயற்சியைச் சொன்னால் கேஸ் கெட்டுவிடும் என்று பல வீடுகளில் மறைக்கிறார்கள். ஆபத்தே அங்கேதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

உள்ளே போன முதல் நாட்கள், ஜாமீன் தள்ளுபடியான அன்று, தீர்ப்பு நாள், ஆறு வயது நிறைந்த பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பும் சமயம்: இவையெல்லாம் கூடுதல் கவனம் வேண்டிய நேரங்கள். கோர்ட் தேதியை அடுத்து வரும் நாளுக்கு, அவரை நேரில் பார்க்கும் உங்கள் மனுவை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அடியும் பாலியல் கொடுமையும் பட்டு வந்த பெண்ணுக்கு உடல் சோதனையும் அதட்டலும் பூட்டுச் சத்தமும் அதையே திரும்பக் கொண்டுவரும். உறைந்து நிற்பார், அல்லது கத்துவார். 'அடங்காதவள்', 'நடிக்கிறாள்' என்று பேர் வாங்கித் தனி அறைக்குப் போனால் நிலைமை மோசமாகும். முழு விவரம் எழுதத் தேவையில்லை. "தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள், தனியாக அடைக்க வேண்டாம், பழகிய கைதியோடு வையுங்கள்" என்று கேட்டாலே போதும்.

நேரில் பார்க்கும்போது, "சாகணும்னு தோணுதா அக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ" வேண்டாம், குற்ற உணர்ச்சிதான் கூடும். "திங்கட்கிழமை வெளியே வந்துடுவே" என்றும் சொல்லாதீர்கள். அது நடக்காவிட்டால் முழு பாரமும் அவர் தலையில் இறங்கும். உங்களால் நிச்சயம் வர முடிகிற அடுத்த நாளை மட்டும் சொல்லுங்கள்.

விடுதலையான முதல் வாரங்களும் ஆபத்தானவை. சிறை மருத்துவரின் சீட்டைக் கேட்டு வாங்கி, மாத்திரை தீருமுன் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரவில் பயமாக இருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்களுக்கே தாங்க முடியாதபோதும் அதே எண்தான்.