தினம் ஒரு மணி நேரம்தான் என்றால் எந்த சிமுலேஷன் கேம்?

கேள்வி: குழந்தையைத் தூங்கவைத்த பிறகு இரவில் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அதிலும் எப்போது விழித்துக்கொண்டு அழுவான் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் விளையாட மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், யூரோ டிரக் சிமுலேட்டர் 2, ஸ்டார்டியூ வேலி, சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் ஆகிய நான்கில் ஒன்றை, கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது?

பதில்: யூரோ டிரக்கை வாங்குங்கள். முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணக்கு இந்த வகை கேம்களுக்குப் பொருந்தாது. இவற்றுக்கு முடிவே கிடையாது. பாதியில் எழுந்து போனால் எதை இழப்பீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2012இல் வந்த யூரோ டிரக்கில் ஐரோப்பாவை ஏறத்தாழ 19இல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டிய சரக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். நெடுஞ்சாலையின் நடுவிலேயே சேவ் செய்து மூடிவிடலாம். மறுநாள் லாரி சரக்கோடு அங்கேயே நிற்கும்.

ஸ்டார்டியூ வேலி பண்ணை நடத்தும் அருமையான கேம், ஆனால் உங்களுக்கு இப்போது ஒத்துவராது. அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். கம்ப்யூட்டர் பதிப்பில் இரவு படுக்கையில் போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும். சுரங்கத்தில் பத்து தளம் இறங்கித் தாதுவெல்லாம் வெட்டிய நேரத்தில் குழந்தை அழுதால், மெனுவைத் திறந்து நேரத்தை நிறுத்திவைக்கலாம். கேமையே மூடினால் அந்த நாள் முழுவதும் வீண். அந்த கேம்தான் வேண்டுமென்றால் மொபைல் பதிப்பை வாங்குங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஃபிளைட் சிமுலேட்டரில் நேரம் உண்மையான நேரம். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பயணிகள் விமானத்தை ஓட்டினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். செஸ்னா என்ற சிறிய விமானத்தில் ஏறி, விமான நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதே போதும் என்பவர்களுக்குக் கால் மணி நேரம் போதும்.

நகரம் கட்டி நிர்வகிக்கும் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸை எந்த நொடியிலும் நிறுத்தலாம். ஆனால் ஒரு சந்திப்பில் நெரிசலைச் சரிசெய்தால் அடுத்த சந்திப்பில் வண்டிகள் தேங்கும். அதையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்து தூக்கத்தைத் தொலைப்பீர்கள். விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஃபிளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பை வாங்குபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அது கேமைத் திறந்த பிறகுதான் பெரும்பகுதியை டவுன்லோடு செய்யும். அந்த நேரமும் விளையாடிய நேரமாகவே பதிவாகும். இணைய வேகம் குறைவென்றால் விமானத்தில் ஏறும் முன்பே இரண்டு மணி நேரம் தீர்ந்துவிடும்.

யூரோ டிரக்குக்கு ஸ்டியரிங் வீல் இப்போது வேண்டாம். தினமும் மேசையில் பொருத்திக் கழற்றுவதிலேயே உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதி கரையும், கீபோர்டு போதும். ஸ்காண்டிநேவியா, ஐபீரியா போன்ற கூடுதல் வரைபடங்களைத் தனித்தனியாக விற்கிறார்கள். அவற்றையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து எல்லாம் அடிப்படை கேமிலேயே இருக்கின்றன.