மேற்கோள் குறி: சில வளைவு, சில நேர், ஏன்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை நோட்டீஸை வேர்டில் தயார் செய்தால், மேற்கோள் குறிகள் சில வளைந்தும் சில நேராகவும் வருகின்றன. பேனர் அளவில் போடும் குறிகூட வளைந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். நீங்கள் கீபோர்டில் அடிக்கும் குறியைத்தான் வேர்டு வளைக்கும். ஒட்டிய வாசகத்தைத் தொடாது. அதனால்தான் ஒரே பக்கத்தில் இரண்டு தினுசு.

முதலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், 'ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்' பக்கத்தில் ஸ்மார்ட் கோட்ஸ் வரியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கன்ட்ரோல்+எச் அழுத்தி, மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி இரண்டிலும் " போட்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். எல்லாம் வளைந்துவிடும். டிக்கை எடுத்துவிட்டு இதையே செய்தால் எல்லாம் நேராகும். ஒற்றைக் குறிக்கும் இதேபோல ஒருமுறை செய்ய வேண்டும்.

இதற்குப் பிறகும் சில குறிகள் திசைமாறி நிற்கலாம். குறிக்கு முன்னால் இடைவெளி இருந்தால் அது தொடக்கக் குறி, எழுத்து இருந்தால் முடிவுக் குறி என்றுதான் வேர்டு கணக்குப் போடுகிறது. நம் ஊர் நோட்டீஸ்களில் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடம்விட்டு அடிக்கும் பழக்கம் அதிகம். அப்படி அடித்தால் “ வருக “ என்று இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். இடைவெளிகளை எடுத்துவிட்டு முடிவுக் குறியை மறுபடி அடித்தால் “வருக” என்று ஒழுங்காக வரும். பெரிய எழுத்தில் அச்சாகும் தலைப்பில் இந்தப் பிழை கண்ணை உறுத்தும். அதை மட்டுமாவது விடாமல் பாருங்கள்.

பேனர் அளவுக்கு வருவோம். 10' x 6' என்பதில் குறி நேராக இருப்பதே சரி. குறியை அடித்ததும் அது வளையும். உடனே ஒருமுறை கன்ட்ரோல்+இசட் அழுத்துங்கள். குறி அழியாது, நேராக மட்டும் மாறும். 'ரீப்ளேஸ் ஆல்' இதையும் சேர்த்து வளைத்துவிடும் என்பதால் அளவுகளைக் கடைசியில் திருத்துங்கள். என்னைக் கேட்டால், பொதுமக்கள் படிக்கும் நோட்டீஸில் '10 அடி' என்றே எழுதிவிடலாம்.

கூகுள் டாக்ஸில் இந்த வசதி டூல்ஸ், ப்ரிஃபரன்ஸ் பக்கத்தில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸுக்குள் 'லோக்கலைஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று தேடுங்கள்.