கிளவுடில் இருக்கும் பில்லிங் கணக்கை மைக்ரோசாப்ட் ஆக்சஸில் இணைத்து ரிப்போர்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம். நான் தினமும் எடுக்கிறேன். "இந்தக் காலத்தில் யாராவது ஆக்சஸ் பயன்படுத்துவார்களா என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய ரிப்போர்ட்டெல்லாம் மைக்ரோசாப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் இருக்கும், பில்லிங் மட்டும் கிளவுடுக்குப் போயிருக்கும், முதலாளிக்கு மட்டும் பழைய மாதிரியே தாளில் அடித்துக் கையில் கொடுக்க வேண்டும். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இருப்பது ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பால் கம்பெனியில். எங்கள் பில்லிங் மென்பொருள் கிளவுடில் ஓடுகிறது, பின்னால் இருப்பது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். ரிப்போர்ட்டுக்கென்று படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு லாகின் வாங்கியிருக்கிறோம். அந்த 'படிக்க மட்டும்' முக்கியம். எழுதும் உரிமையோடு டேபிளை லிங்க் செய்துவிட்டால், யாரோ ஒருவர் ஆக்சஸில் திறந்து பார்க்கும்போது கை தவறி ஒரு எண்ணைத் தட்டினாலும் அது நேராக நிஜ பில்லில் போய் விழும்.

முதலில் இடறப்போவது 32, 64 விவகாரத்தில். உங்கள் மைக்ரோசாப்ட் ஆபீஸ் எத்தனை பிட்டோ, ஆக்சஸை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவரும் அத்தனை பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸ் 64 பிட்தானே என்று டிரைவரை இறக்கினால், உள்ளே ஆக்சஸ் 32 பிட்டாக இருந்து எரர் பெட்டி வந்து நிற்கும். இதில் கூத்து என்னவென்றால், 64 பிட் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில், 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். இரண்டுக்கும் ஃபைல் பெயரும் ஒன்றே. யார் வைத்த பெயரோ.

அப்புறம் லிங்க் செய்த டேபிளைத் திறந்தால் எல்லாக் கட்டத்திலும் #டெலீட்டட் என்று வரலாம். பயப்படாதீர்கள், யாரும் எதையும் அழிக்கவில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு வரிக்கும் அடையாளமான பிரைமரி கீ, பிக்இன்ட் என்ற பெரிய எண் வகையாக இருக்கும், ஆக்சஸ் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. புதிய ஆக்சஸில் ஆப்ஷன்ஸ், கரன்ட் டேட்டாபேஸ் என்று போனால் பிக்இன்ட்டை ஏற்றுக்கொள்ள ஒரு டிக் இருக்கிறது, போட்டுவிட்டு மறுபடி லிங்க் செய்யுங்கள். பழைய பதிப்பு என்றால் மைஎஸ்க்யூஎல் டிரைவரிலேயே பிக்இன்ட்டைச் சாதாரண இன்ட்டாகக் காட்டும் வசதி உண்டு.

டிரைவரில் ஆன்சி, யூனிகோட் என்று இரண்டு வரும். யோசிக்காமல் யூனிகோட். எங்கள் ஏஜென்ட் பெயரெல்லாம் தமிழில் இருக்கிறது. ஆன்சியில் இணைத்த ஒரு கம்ப்யூட்டரில் ரூட் ஷீட் அடித்தபோது பெயர் வர வேண்டிய இடத்தில் வரிசையாக ????? மட்டும், பக்கத்தில் தொகை பைசா சுத்தமாக. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வண்டிக்காரர் யாரிடம் போய் வசூல் செய்வார்?

இதெல்லாம் அரை நாள் வேலை. நிஜமான தொல்லை தேதியில்தான் இருக்கிறது.

எங்களுக்கு பில் விழும் நேரம் இரவு ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள். வண்டி கிளம்பும் முன் பாக்கெட் அடுக்கிய டப்பை எண்ணி ஏற்றி அங்கேயே பில் போட்டுவிடுவார்கள். முதலாளியின் மகன் வெளியூரிலிருந்து ஒரு ஆலோசனைக் கம்பெனியைக் கூட்டி வந்து, ஆபீஸ் ஹாலில் பெரிய டிவி மாட்டி, கலர் கலராக டாஷ்போர்டு வைத்தார். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று முதலாளி அந்த டிவி முன் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, போகிக்கு எவன் இத்தன பால் வாங்குனான்? பொங்கலன்னைக்கு ஊர்ல ஒருத்தரும் பொங்கலே வெக்கலயா?"

அந்த வருடம் பொங்கல் 15ஆம் தேதி. ஆனால் டாஷ்போர்டில் தினசரி விற்பனையைக் காட்டும் கம்பங்களில் வருடத்திலேயே உயரமானது ஜனவரி 14இல் நிற்கிறது. 15ஆம் தேதி வழக்கமான உயரம். டாஷ்போர்டு செய்தவர்கள், பண்டிகைக்கு முன்னாலேயே மக்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு ஸ்லைடே போட்டு விளக்கினார்கள். பாக்கெட் பாலை!

நான் ஆக்சஸில் டேபிளைத் திறந்து ஒரே ஒரு பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏஜென்ட் கையில் இருக்கும் தாளில் 15ஆம் தேதி அதிகாலை 2:10. டேபிளில் அதே பில் 14ஆம் தேதி 20:40. சரியாக ஐந்தரை மணி நேரம். கிளவுடில் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் எழுதி வைக்கிறார்கள், பில்லிங் திரையில் காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறார்கள். டேபிளை நேராக இழுப்பவர்கள் 330 நிமிடத்தைத் தாங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். டாஷ்போர்டு செய்தவர்கள் கூட்டவில்லை. அதனால் வருடம் பூராவும் ஒவ்வொரு நாள் லோடும் முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு பால் போவதால் யார் கண்ணிலும் படவில்லை. ஏப்ரல் 1 அதிகாலை போன லோடு மார்ச் 31இல், அதாவது போன நிதியாண்டில்!

சர்வரிலேயே ஓடும்படி அப்படியே அனுப்பப்படும் பாஸ்த்ரூ க்வெரியில் நேரத்தை மாற்றும் ஃபங்ஷனைப் போட்டுத் தேதி வாரியாகக் கூட்டி, அதே ஏ4 தாளில் அடித்து முதலாளி மேஜையில் வைத்தேன். பொங்கல் பொங்கலன்றே வந்தது. உடனே "பவர் பிஐ மாதிரி டாஷ்போர்டு மென்பொருளிலும் இதைச் செய்யலாமே" என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். தாராளமாகச் செய்யலாம். நான் குறை சொல்வது கருவியை அல்ல, பால் எத்தனை மணிக்கு வண்டி ஏறுகிறது என்று யாரிடமும் கேட்காமல் கம்பம் வரைந்தவர்களை.

அந்த வருட இன்கிரிமென்ட் லெட்டரிலும் எனக்கு 'கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர்' என்றுதான் இருந்தது. ஆலோசனைக்காரர்களுக்குக் கொடுத்த தொகையைக் கேள்விப்பட்டபோது ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி ஷிஃப்டில் பில் போடும் பையனுக்கு இன்கிரிமென்ட் லெட்டர்கூட இல்லை, அவன் இன்னும் கான்ட்ராக்ட். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சரி விடுங்கள். அந்த டிவியில் இப்போது ஐபிஎல் ஓடுகிறது.

நேரலையாக லிங்க் செய்த டேபிள் மேலேயே ரிப்போர்ட்டைக் கட்டாதீர்கள். தேதி வடிகட்டும் இடத்தில் ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏவில் நாமே எழுதிய ஃபங்ஷனை வைத்தால், அது சர்வருக்குப் புரியாது. மொத்த டேபிளையும் இங்கே இழுத்துக்கொண்டு வந்துதான் ஆக்சஸ் வடிகட்டும், லட்சக்கணக்கான வரி இருந்தால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. பில் போடாத நேரமாகப் பார்த்து, பாஸ்த்ரூ க்வெரியால் தேவையான தேதிகளை மட்டும் இழுத்து உள்ளூர் டேபிளில் கொட்டிவிட்டு, ரிப்போர்ட்டை அதன் மேல் வையுங்கள். அந்த உள்ளூர் டேபிள் தனி ஃபைலில் இருக்கட்டும். ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை, அழித்து அழித்துக் கொட்டினால் ஃபைல் ஊதிக்கொண்டே போகும். நான் ஒவ்வொரு முறையும் ஒரு காலி ஃபைலைக் காப்பி எடுத்து அதில்தான் கொட்டுகிறேன், காம்பாக்ட் செய்து ஃபைலைச் சுருக்கும் வேலையே இல்லை.

உங்கள் மென்பொருள்காரர்கள் டேட்டாபேஸ் லாகின் தராமல், மென்பொருள் வழியாகத் தகவல் கேட்டு வாங்கும் ஏபிஐ மட்டும் தருவதாக இருந்தால், நடுவில் ஒரு ஓடிபிசி டிரைவர் வாங்க வேண்டியிருக்கும். நம் பாலைக் கறக்க நாமே வாடகை கட்டுகிற மாதிரிதான், ஆனால் வேறு சுலபமான வழியில்லை. அங்கே ஒவ்வொரு க்வெரியும் ஏபிஐ அழைப்பாகப் போகும், அதற்கு நாளொன்றுக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருப்பார்கள், ஆகவே உள்ளூர் நகல் இன்னும் அவசியம். கிளவுட் கணக்கு மென்பொருளான குவிக்புக்ஸ் 2023இல் இந்தியாவிலிருந்து வெளியேறியபோது அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு இடத்துக்கு மாற வேண்டியிருந்தது. தினமும் ஒரு நகல் கையில் இருப்பவருக்கு அந்த அவசரம் பாதிதான்.

உங்கள் ஆபீஸ் எத்தனை பிட், கிடைப்பது டேட்டாபேஸ் லாகினா ஏபிஐயா, எந்த டிரைவர், இதைக் கமென்டில் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் பார்ப்பேன்.