செய்தித்தாள் போடுபவருக்கு நாம் ஏன் நன்றி பாராட்ட வேண்டும்?

மாதச் சந்தா செலுத்திய பிறகும் செய்தித்தாள் போடுபவருக்குத் தனியே நன்றி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தாவில் அவருக்குக் கிடைப்பது சிறு பங்கே. அவருடைய வேலையோ நாம் உறங்கும் நேரத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்க, அங்கு விநியோகம் செய்துவந்த சம்சுதீனுக்கு உதவியாள் ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலையில் தம் முதல் ஊதியத்தைப் பெற்ற சிறுவர்தாம், 2002-இல் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அந்தச் சம்பாத்தியம் தந்த பெருமிதத்தை அரை நூற்றாண்டு கழிந்தும் உணர்வதாக அவரே எழுதியிருக்கிறார்.

இன்றும் முகவர்களும் பையன்களும் விடியுமுன் கட்டுகளைப் பிரித்து, இணைப்பிதழ்களையும் விளம்பரத் துண்டறிக்கைகளையும் ஒவ்வொன்றாகச் செருகி, எந்த வீட்டுக்கு எந்த நாளிதழ் என்பதை நினைவிலேயே வைத்துக்கொண்டு மிதிவண்டியில் புறப்படுகிறார்கள். மழைக்காலத்தில் தாள் நனையாமல் சேர்ப்பது தனிப் பாடு. 2020 பொதுமுடக்கத்தில், தாள் வழியே தொற்று பரவும் என்று அஞ்சிப் பலர் சந்தாவை நிறுத்தியபோதும் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். தீபாவளிக்கு ஒரு தொகை கொடுப்பது நல்ல வழக்கமே. ஆயினும், அவரைப் பலமுறை படியேற வைக்காமல் மாதப் பணத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவதையே நான் பெரிய மரியாதையாகக் கருதுகிறேன்.