சாம்பாரில் மருந்து கலக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. லாரி பட்டறையில் வேலை. தினமும் ஒரு குவார்ட்டர், சம்பள நாளில் இரண்டு. விடிந்ததும் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கிறது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு, சுவரில் இல்லாத பூச்சிகளைத் துடைப்பத்தால் அடித்துக்கொண்டே இருந்தார். பயந்துபோய் மாலையைக் கழற்றவைத்து, நானே பணம் கொடுத்துக் குடிக்க அனுப்பினேன். தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி உறவினர் ஒருவர் மாத்திரை தந்திருக்கிறார். கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கொடுக்கவே கூடாது, சகோதரி. அப்படிக் கைமாறும் மாத்திரை பெரும்பாலும் டைசல்பிரம் ஆகவே இருக்கும். மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சை வெளியேறவிடாமல் அது தேக்கிவைப்பதால், மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

அன்றிரவு நீங்கள் கண்டது பைத்தியமும் அல்ல, சாமி குற்றமும் அல்ல. பல ஆண்டுகளாக மது மூளையை மந்தப்படுத்த, அதை ஈடுகட்டத் தன்னைத் தானே முடுக்கிக்கொண்டு பழகிய மூளை, மது திடீரென நின்றதும் அந்த முடுக்கத்தைத் தணிக்க வழியின்றித் தத்தளிக்கிறது. முதலில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு, மூன்றாம் நாளையொட்டி இந்தப் பூச்சிக் காட்சி. இது உயிருக்கு ஆபத்தான நிலை. ஆகவே அடுத்த முறை நிறுத்துவது வீட்டில் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்து, படிப்படியாகக் குறைக்கப்படும் மாத்திரைகளின் துணையோடு நிறுத்த வேண்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம்.

இன்னொன்று. மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்து கிளினிக்கில் காட்டி, ‘ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவரின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடக்கூடும். கௌரவம் பார்க்காமல், குடிப்பவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: அவர் எழுந்திருக்க முடியாத நாட்களில் ‘காய்ச்சல்’ என்று பட்டறைக்கு போன் செய்வது யார்? பெரும்பாலான வீடுகளில் மனைவிதான், சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அந்த போனை நிறுத்துங்கள். பட்டறையில் ஏச்சு வாங்கிவரும் நாளில், சிகிச்சை பற்றிய பேச்சு அவர் காதில் ஏறக்கூடும். போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை.

கேள்வி: நான் பீர் மட்டுமே குடிக்கிறேன். அது கல்லீரலைப் பாதிக்காது என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

பதில்: கல்லீரலுக்குப் பெயர் தெரியாது, அளவுதான் தெரியும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் 52 மி.லி. சாராயச் சத்து இருக்கிறது, 180 மி.லி. பிராந்தியில் ஏறத்தாழ 77. மூன்று பீர் குடிப்பவர் இரண்டு குவார்ட்டர் குடித்தவரே. கொழுப்பு படிந்த நிலையிலேயே அடியோடு நிறுத்தினால் கல்லீரல் சில வாரங்களில் தேறத் தொடங்கும். சுருங்கித் தழும்பேறிய பிறகு பெரும்பாலும் மீளாது. அடிவயிற்று ஸ்கேனும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.