குளிர்ந்த கடலில் மூழ்கிய கப்பலைப் பார்க்க இறங்கும்போது ரெகுலேட்டர் 'உறைவது' என்றால் என்ன?

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை மூச்சுவிடும் அளவுக்குக் குறைத்துத் தருவது ரெகுலேட்டர். அழுத்தம் சட்டென்று குறையும்போது காற்று விரிந்து கடுமையாகக் குளிரும். சைக்கிள் டயர் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு சில்லிடுகிறதே, அதேதான். கடல்நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், உள்ளே ஐஸ் படிந்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம். பிறகு 12 லிட்டர் சிலிண்டர்கூட சில நிமிடங்களில் காலி. கப்பலுக்குள் இருந்தால் நேராக மேலே வரவும் வழியில்லை, வம்பு அங்கேதான். ஆகவே மூச்சை இழுத்துக்கொண்டே, மிதப்பைச் சரிசெய்ய அணியும் காற்று ஜாக்கெட்டுக்கு அதே சிலிண்டரிலிருந்து காற்று நிரப்பாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் காற்றோட்டம் கூடி, குளிர்ச்சியும் கூடும்.

உறைந்தால் காற்று அடைத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். காற்று நிற்காமல் கொட்டும், உதட்டை இறுக்காமல் ஓரமாக உறிஞ்சியபடி கூட்டாளியின் மாற்று ரெகுலேட்டருக்கு மாறலாம்.