நீளமான சாப்டை (சுழல் தண்டை) நடுவில் வெட்டிச் சுருக்கி வரைந்தால் அளவை எப்படிப் போடுவது?

இரண்டு மீற்றர் சாப்ட் ஏ4 தாளில் அடங்கவில்லை, நடுப்பகுதியை எடுத்துவிட்டு இரு முனைகளையும் கிட்டக் கொண்டுவந்தேன், இப்போது ஓட்டோகாட் (கணினியில் வரையும் மென்பொருள்) 430 என்று காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எண் எப்போதும் உண்மையான முழு நீளமாகவே இருக்க வேண்டும். அந்த எண்ணை எந்த வழியில் போடுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நான் அதில் ஒருமுறை நன்றாக அடிபட்டேன்.

திருகோணமலையில், கொட்பே மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளுக்கு வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம். 1850 மில்லிமீற்றர் புறொப்பெல்லர் சாப்ட் ஒன்று. சுருக்கி வரைந்தபோது 540 என்று வந்தது. அதன் மேல் 1850 என்று கையால் தட்டினேன். இரண்டு நாள் கழித்துப் படகுக்காரர் எஞ்சினை முன்னுக்குத் தள்ளிவிட்டார், சாப்ட் 70 கூட வேண்டுமாம். ஸ்ட்ரெட்ச் என்ற நீட்டும் கட்டளையைக் கொடுத்து 70 இழுத்தேன், தாளை அச்சடித்துக் கொடுத்தேன். படம் நீண்டது. கையால் தட்டிய எண் மட்டும் அசையாமல் 1850 ஆகவே நின்றது. துரு ஏறாத நல்ல உருக்குக் கம்பி, 70 மில்லிமீற்றர் குறைவாக வெட்டப்பட்டுக் கிடந்தது. லேத் இயந்திரத்தில் வெட்டும் அண்ணை கோபப்படவில்லை. "தம்பி, நீங்கள் எழுதினதைத்தானே நான் வெட்டினனான்" என்றார். அது இன்னும் காதில் கேட்கிறது.

இப்படிக் கையால் எண் தட்டிய அளவுக் கோட்டைத் தொட்டு, அதன் விவரம் காட்டும் ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். மெஷர்மென்ட் என்ற இடத்தில் ஓட்டோகாட் அளந்த எண்ணும், டெக்ஸ்ட் ஓவர்ரைட் என்ற இடத்தில் கையால் தட்டிய எண்ணும் இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். சிலர் அளவுக்கு ஒரு பெருக்கு எண் கொடுத்துச் சமாளிப்பார்கள். அது இன்னும் மோசம்: நான்கால் பெருக்க வைத்திருந்தால், 70 இழுத்ததும் 280 கூடிவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். தாளுக்கு வெளியே, மொடல் ஸ்பேஸில் (ஓட்டோகாட்டில் உருவத்தை வரையும் வெளியில்), உண்மையான நீளத்தில் ஒரே ஒரு கோடு போட்டு வைக்கிறேன். சுருக்கிய படத்தின் அளவு எழுத்துக்குள் ஃபீல்ட் (தானாகவே புதுப்பிக்கப்படும் எழுத்து) ஒன்றை நுழைத்து, அதை அந்தக் கோட்டின் நீளத்தோடு கட்டிவிடுகிறேன். கோட்டை 1920 ஆக்கி றீஜென் என்ற புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால் எண்ணும் மாறும். சொலிட்வேர்க்ஸ், இன்வென்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள் பாவிப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. அங்கே முப்பரிமாண உருவம் முழு நீளத்தில் இருக்கும், வெட்டிய தோற்றத்திலும் அளவு சரியாகவே வரும்.

வெட்டை எங்கே போடுவது என்பதும் முக்கியம். ஒரே விட்டத்தில் போகும் பகுதியில் மட்டும் போடுங்கள். படி, துளை, சரிவு இருக்கும் இடத்தில் கைவைக்க வேண்டாம். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரநிலை முறையில் உருவம் வெட்டப்பட்டாலும் அளவுக் கோடு வெட்டுப்படாமல் நேராகவே போகும். அளவுகோலுக்கு ஒத்துவராத எண்ணுக்கு அடிக்கோடு போடும் வழக்கம் இருக்கிறதே, வெட்டுக் கோடு தெரியும் இடத்தில் அது தேவையில்லை. ஓட்டோகாட்டில் அளவுக் கோட்டிலேயே சின்ன நெளிவு போடும் கட்டளையும் உண்டு. வாங்குபவர் கேட்டால் மட்டும் போடுகிறேன்.

அப்புறம், சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறவை. ஒரு இறங்குதுறைக் கைப்பிடிக்கு 12 மீற்றரைச் சுருக்கி வரைய வேண்டி வந்தது. 8 × 1500 (= 12000) என்று ஒரே வரியில் எழுதினேன். அதில் 8 என்பது இடைவெளி, தூண் 9. தூண் எண்ணிக்கையைப் பொருட்பட்டியலில் தனியாக எழுதிவிடுங்கள். வெட்டப்பட்ட படத்தில் தூண்களை எண்ணிப் பார்க்க யாராலும் முடியாது.